காரணம் எழுதாத விடைகள்

சிறுவர் பக்கம் நடத்துகிறவரிடம் சண்டைக்கு வருகிறவர்களில் ஒருவர்கூடச் சிறுவர் இல்லை. வங்காளத் தலைநகரின் பவானிபூரில் எங்கள் தமிழ் மன்றம் நடத்தும் மாத இதழில் கடைசி நான்கு பக்கங்கள் என் பொறுப்பு. மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்தில் ஆரம்பித்தது; ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. வண்ணம் தீட்ட ஒரு படம், ஒரு கதை, பிறந்தநாள் வாழ்த்து, ஒரு துப்பறியும் புதிர். பக்கத்தில் என் பெயர் 'அணில் அக்கா'. அறுபத்து நான்கு வயதாகியும் அக்காதான். இதுவரை யாரும் ஆட்சேபிக்காத விஷயம் அது ஒன்றுதான்.

புதிருக்கு நான் வைத்திருக்கும் விதி எளியது. விடை எழுதினால் போதாது, காரணமும் எழுத வேண்டும். காரணம் எழுதாத விடை, சரியாகவே இருந்தாலும், செல்லாது. விடையை அடுத்த இதழில் தலைகீழாக அச்சிடுவோம், இன்னும் முயன்றுகொண்டிருக்கும் குழந்தையின் கண்ணில் சட்டென்று பட்டுவிடக்கூடாது என்பதற்காக. ஏழு வயதுக் குழந்தைக்குப் புரிகிற இந்த விதி பெரியவர்களுக்கு ஏன் புரிவதில்லை என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். குடியிருப்பு வாட்ஸ்அப் குழு ஒன்றிலாவது மாட்டிக்கொண்டிருக்கும் சக அவஸ்தைக்காரர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

வண்ணம் தீட்டுக

முன்பு ஒருமுறை ரம்ஜானுக்கு ஒரு படம் போட்டேன். மொட்டை மாடி, வானத்தில் பிறை, அதைச் சுட்டிக்காட்டும் இரண்டு குழந்தைகள். இதழ் போய்ச் சேர்ந்த மறுநாள் ஒரு தந்தை போன் செய்தார். "எங்க பையன் எதுக்கு மேடம் பிறைக்குக் கலர் அடிக்கணும்?" அடிக்காமல் விட்டாலும் தப்பில்லை, பிறை வெள்ளையாகத்தான் இருக்கும் என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்து சரஸ்வதி பூஜைக்கு வீணையும் அன்னமும் போட்டேன். இந்த முறை வேறொரு தந்தை, வேறு மதம், அதே குரல். "எங்க பொண்ணு இதையெல்லாம் தொடமாட்டா." இரண்டு குழந்தைகளும் தீட்டி அனுப்பிய படங்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. பையனின் பிறை ஊதா நிறம். பெண்ணின் அன்னத்துக்குப் பச்சைக் கால்.

வம்பே வேண்டாம் என்று அதற்கடுத்த மாதம் ஒரு டிராக்டர் போட்டேன். வயல், டிராக்டர், மூலையில் சூரியன். பண்டிகை இல்லை, சாமி இல்லை, நிம்மதி என்று இருந்தேன். மூன்றாவது நாள் ஒரு போன்: "டிராக்டர் எதுக்கு இப்போ? அதுவும் சூரியன் வேற. நீங்க யாரு பக்கம்னு நேராவே சொல்லிடலாமே மேடம்?"

பஞ்சுக்காரர்

அதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய தொல்லை. போன நவம்பர் கடைசியில் நடந்ததற்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெஹாலாவில் ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் அடுக்குமாடி வளாகம் ஒன்றில், ஒரு வீட்டில் நகை காணாமல் போனது. அன்று காலை வெளியாள் என்று உள்ளே வந்தவர் ஒருவர்தான். குளிர் தொடங்கியதும் தோளில் பெரிய வில்லைச் சுமந்து வந்து, பழைய மெத்தைப் பஞ்சை அடித்துப் புதிதாக்கித் தருகிறவர். அந்த வில்லின் நாண் 'டொய்ங்' என்று கேட்டால் தெருவுக்குக் குளிர்காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். வெள்ளைத் தாடி, தொப்பி, லுங்கி. பல வருடமாக வருகிறவர். அவரைக் கேட்டில் இரண்டு மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். மூட்டையைக் கொட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்காத கோபத்தில் வில்லை முறித்தார்கள். போலீஸ் வந்து விசாரித்து, இவரிடம் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவைத்தது.

அதற்குள் அவர் படம் தமிழ்ப் பெற்றோர் குழுவுக்கு வந்துவிட்டது. சிறுவர் பக்கத்தின் பொருட்டு நானும் அந்தக் குழுவில் இருக்கிறேன். மதியம் 'திருடன்' என்று ஆரம்பித்தார்கள். காபி நேரத்தில் 'நோட்டம் பார்க்க வந்தவன்' ஆனார். சாயங்காலத்துக்குள் 'எல்லை தாண்டி வந்த கும்பல்', 'தீவிரவாதத் தொடர்பு' வரை போய்விட்டது. டிவியில் நான்கு பேர் ஒரு மணி நேரம் கத்தி எட்டுகிற இடத்தை இவர்கள் இருபது செய்திகளில் எட்டினார்கள். எல்லாரும் படித்தவர்கள். எல்லாருக்கும் அவர் அடித்துக் கொடுத்த மெத்தை வீட்டில் இருக்கிறது. என் பழக்கப்படி இரண்டே வார்த்தை எழுதினேன்: 'காரணம் எழுதவும்.' பிறகு, தன் பிள்ளைக்காக மூன்று முறை என்னிடம் பரிசு வாங்கிப் போன ஒரு தந்தை பதில் போட்டார்: "மாமி, இது உங்க சிறுவர் பக்கம் இல்ல."

சந்தேஷ் பெட்டி

டிசம்பர் இதழின் புதிர் இந்தக் கூத்துக்கு முந்தைய வாரமே அச்சுக்குப் போயிருந்தது. விழாவுக்கு வாங்கிய ஈச்சவெல்ல சந்தேஷ் இனிப்புப் பெட்டி காணவில்லை. அது இருந்தது உயரமான அலமாரியின் மேல்தட்டில். அறையில் நாற்காலி, ஸ்டூல் எதுவும் கிடையாது. தட்டின் தூசியில் ஓர் இடது கையின் தடம் மட்டும். எடுத்தது யார்? அலமாரிக்குப் பக்கத்தில் நான்கு பேர் நிற்கிறார்கள். குள்ளமான சமையல்காரர்; இடது கையில் பெரிய கட்டுப் போட்ட உயரமான காவலாளி; கழுத்தில் இஞ்ச் டேப் போட்ட, நால்வரிலும் மிகக் குள்ளமான தையல்காரர்; இடது கையில் சாக்பீஸ் பிடித்த நெட்டைக் கணக்கு வாத்தியார். விடை வாத்தியார்தான். 'குருவைத் திருடனாக்கலாமா' என்று புகார் வரும், அதற்கு என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

அந்தப் புகார் வரவே இல்லை. வந்த விடைகளில் பாதிக்கு மேல் தையல்காரர். ஓவியத்தில் அவருக்குத் தாடி, தொப்பி, லுங்கி. என் குழந்தைகள் தப்பு செய்வார்கள், ஆனால் ஆளுக்கொரு விதமாகச் செய்வார்கள். சமையல்காரருக்குப் பசித்திருக்கும் என்பாள் ஒருத்தி, பூனையை ஏன் விசாரிக்கவில்லை என்பான் ஒருவன். எல்லாரும் ஒரே மாதிரி தப்பு செய்தது இதுதான் முதல் தடவை. காரணம் எழுதும் இடத்தில் 'அவர் கெட்டவர்', 'அவங்க அப்படித்தான்னு அம்மா சொன்னாங்க' என்று இருந்தது. ஒருவன் வங்காளத்தில் 'சோர்' என்று மட்டும் எழுதியிருந்தான், திருடன் என்று. என்னை உலுக்கியது கவினின் கார்டு. ஒன்பது வயது, அதே பெஹாலா வளாகம், கேட்டில் நடந்ததை மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து முழுக்கப் பார்த்தவன். காரணம் எழுதாமல் ஒருநாளும் அனுப்பாதவன், இந்த முறை அந்த இடத்தை வெறுமனே விட்டிருந்தான். போன் செய்தேன். "கவின், அலமாரி எவ்வளவு உயரம்னு பார்த்தியா?" "பார்த்தேன் அக்கா." "தையல்காரர் எவ்வளவு உயரம்னு பார்த்தியா?" "பார்த்தேன்." "அப்புறம் எப்படி அவர்னு சொல்றே?" இதுகூடத் தெரியாதா என்கிற அலுப்போடு சொன்னான்: "அவரைப் பார்த்தாலே தெரியுதே அக்கா."

ஒரு பின்குறிப்பு

சரியான விடையும் சரியான காரணமும் எழுதியவள் ஒருத்திதான். நஸ்ரின், பதினொரு வயது, டாப்சியா. அவள் அத்தா ராஜா முகமது திண்டுக்கல்காரர், இங்கே ஒரு தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவள் எழுதியது நீதிபதி தீர்ப்பு மாதிரி இருந்தது. 'சமையல்காரருக்கு எட்டாது. தையல்காரருக்கு எட்டவே எட்டாது. காவலாளிக்கு எட்டும், ஆனால் இடது கையில் கட்டு. மிச்சம் இருப்பது வாத்தியார்.' அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு பின்குறிப்பு: 'அக்கா, போன மாசப் புதிரிலும் அதற்கு முந்தின மாசப் புதிரிலும் திருடன் லுங்கி கட்டியிருந்தான். எங்க அத்தாவும் வீட்டில் லுங்கிதான். சும்மா சொன்னேன்.'

அந்தச் 'சும்மா சொன்னேன்' என்னைப் பிடித்து உட்கார வைத்தது. பழைய இதழ்களை இறக்கிப் பார்த்தேன். நல்லவன் பேன்ட், திருடன் லுங்கி. நல்லவனுக்கு மழித்த முகம், திருடனுக்குத் தாடி. மாதத்துக்கு மாதம் இதேதான். பூனைக்கு ஒரு பக்கம் மீசை குறைந்தால் படத்தைத் திருப்பி அனுப்புகிறவள் நான். இதை மட்டும் ஒப்புதல் கையெழுத்துப் போட்டு அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன். அதுவரை பெஹாலாக்காரர்கள் மேல் மட்டும் இருந்த கோபத்தில் பாதியை நான் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தப் பாதியையும் முதலில் வேறொருவர் தலையில்தான் கொட்டப் பார்த்தேன். எங்கள் ஓவியர் தினேஷ் ஈரோட்டுப் பையன், சால்ட் லேக்கில் சாப்ட்வேர் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குப் படம் போடுவான். கூப்பிட்டு நன்றாகத் திட்டினேன். நான் முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "திருடன்னா இப்படித்தான் வரையணும்னு எனக்கு யாரும் சொல்லித் தரலைங்க மேடம், தானா கை அப்படிப் போயிருச்சு. ஆனா நீங்களும் ஒரு தடவைகூடத் திருத்தலைங்களே?"

செயலாளரின் யோசனை

வெற்றி பெற்ற குழந்தையின் படம், பெயர், வயது, இருக்கும் பகுதி எல்லாவற்றையும் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் கட்டிப் போடுவது எங்கள் வழக்கம். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. பொன்னுக்கு வீங்கி வந்த பிள்ளையின் படத்தை வீங்கிய கன்னத்தோடே போட்டிருக்கிறோம். ஜனவரிக் கட்டம் நஸ்ரினுக்கு; படம் கேட்டு அவள் வீட்டுக்குச் சொல்லியிருந்தேன். ப்ரூஃப் பார்த்த மன்றச் செயலாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், யாருக்கு ஆஸ்பத்திரி என்றாலும் முதலில் ஓடுகிறவர். நல்லவர். நல்லவர்களிடம் சண்டை போடுவதுதான் கஷ்டம். "இந்த மாசம் வேணாம்மா. பெஹாலா விஷயம் இன்னும் ஆறல. நாம அவங்களுக்குப் பதில் சொல்ற மாதிரி இருக்கும்" என்றார். "பதினொரு வயசுப் பொண்ணு புதிருக்கு விடை கண்டுபிடிச்சிருக்கா சார், அவ்வளவுதான்" என்றேன். "அது உங்களுக்கும் எனக்கும் தெரியும்மா. படிக்கிறவங்களுக்கு?"

பிறகு சமாதானமாக ஒரு யோசனை சொன்னார். படத்தை விட்டுவிட்டு, பெயரை 'என்., டாப்சியா' என்று சுருக்கிவிடலாமாம். யார் மனதும் புண்படாதாம். பஞ்சுக்காரரின் வில்லை முறித்தபோது புண்படாத மனது, ஒரு குழந்தையின் பெயரைப் படித்தால் புண்படும் என்றால் அது என்ன மனது என்று கேட்டேன். கட்டம் இல்லையென்றால் நான்கு பக்கமும் இல்லை என்றும் சொல்லிவிட்டேன். இத்தனை வருடத்தில் நான் விடுத்த முதல் மிரட்டல் அதுதான். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு ப்ரூஃபில் கையெழுத்துப் போட்டார். "போடுங்க. ஆனா போன் வந்தா உங்க நம்பரைத்தான் குடுப்பேன்."

பாதிப் பெயர்

ஜெயித்த பெருமை ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. மறுநாள் நஸ்ரினின் அத்தாவே கூப்பிட்டார். "அக்கா, போட்டோ வேணாங்க. பேரும் வேணாம். பரிசுப் புத்தகத்தை மட்டும் குடுத்துருங்க, அவளுக்கு அது போதும்." ஏன் என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். நஸ்ரினுக்குப் பெஹாலாவில் ஒரு பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது. ஏப்ரலில் வகுப்பு ஆரம்பம். பள்ளிக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஒரு ஃப்ளாட் பேசியிருக்கிறார். வீட்டுக்காரர் தமிழர், மன்றத்து உறுப்பினர், எங்கள் இதழ் மாதாமாதம் அவர் வீட்டுக்குப் போகிறது. "போன்லதாங்கக்கா பேசியிருக்கோம். நம்ம ஊர்க்காரங்கன்னு சந்தோஷமா பேசறாரு. எம் பேரு ராஜான்னு மட்டும்தான் சொல்லியிருக்கேன். முழுப் பேரை அக்ரிமென்ட் எழுதறப்ப சொல்லிக்கலாம்னு இருக்கேன். அதுக்குள்ள அவ பேரு போட்டோவோட வந்துச்சுன்னா..."

காரணம் கேட்டே பழகியவள் நான். அந்தக் குளிர்காலத்தில் அதுவரை இவரும் இவர் மகளும் தவிர எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையும் எனக்கு ஒழுங்கான காரணம் சொல்லவில்லை. அவர் சொன்ன காரணத்தில் பிழையே இல்லை என்பதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. ஒரு மனிதர் குடியிருக்க வீடு கேட்பதற்குத் தன் பெயரில் பாதியை வாய்க்குள் அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சரி என்று சொல்லிவிட்டேன். அதற்குள் போன் கை மாறியது. "அக்கா, நான்தானே சரியா சொன்னேன்? தப்பா சொன்னவங்க யாரும் ஒளியல, நான் மட்டும் எதுக்கு ஒளியணும்?"

காலிக் கட்டம்

ஜனவரி இதழில் கட்டத்தைக் காலியாகவே விட்டேன். கீழே மூன்று வரி: 'சரியான விடை எழுதியவர் ஒருவர். அவர் படத்தை இங்கே போட முடியவில்லை. அது அவருடைய தவறு அல்ல.' போன்கள் வந்தன. படம் விட்டுப்போயிற்றா என்றார் ஒருவர். அச்சகத்தை மாற்றுங்கள் என்றார் இன்னொருவர். அப்படியானால் யாருடைய தவறு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அதே வாரம் பெஹாலா நகை கிடைத்தது. எடுத்தவர் அந்த வீட்டுக்கே விருந்தாளியாக வந்து ஒரு மாதம் தங்கியிருந்த உறவினர். போலீஸ் கண்டுபிடித்து, அவரும் ஒப்புக்கொண்டுவிட்டார். குழுவில் பஞ்சுக்காரரின் படம் மறுபடி வரும், இந்த முறை ஒரு மன்னிப்போடு வரும் என்று காத்திருந்தேன். உறவினரின் மதத்தைப் பற்றியோ, அவருக்குப் பின்னால் இருக்கும் கும்பலைப் பற்றியோ யாரும் மூச்சு விடவில்லை. முதலில் பஞ்சுக்காரரின் படத்தைப் போட்ட அதே ஆள் எழுதினார்: "இது அவங்க குடும்ப விஷயம். தயவுசெஞ்சு யாரும் ஃபார்வர்ட் பண்ணாதீங்க."

கவினின் கார்டு

ஜனவரிப் புதிருக்கு வந்த கார்டுகளில் கவினுடையதும் இருந்தது. அதில் ஜனவரிப் புதிருக்கு விடை இல்லை. அனுப்பிய விடையை மாற்றக்கூடாது என்பதும் என் பக்கத்தின் விதிதான். அந்த விதியை அன்றோடு எடுத்துவிட்டேன். அவன் எழுதியிருந்தது: 'அக்கா, பஞ்சு மாமா எடுக்கலையாம். அப்பா சொல்லல, செக்யூரிட்டி அண்ணாதான் சொன்னார். பஞ்சு மாமா இனிமே எங்க கேட்டுக்கு வரமாட்டாராம். போன மாச விடையை நான் மாத்திக்கலாமா? தையல்காரர் இல்லை. காரணம்: அவருக்குக் கை எட்டாது.'

முழுப் பெயர்

பிப்ரவரி இதழ் தயாராகிக்கொண்டிருந்தபோது ராஜா முகமது நஸ்ரினைக் கூட்டிக்கொண்டு டாக்குரியாவில் என் வீட்டுக்கு வந்தார். பரிசுப் புத்தகத்தை வாங்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து எடுத்து வைத்தேன். நஸ்ரின் புத்தகத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். வீடு என்ன ஆயிற்று என்றேன். அக்ரிமென்ட் எழுத உட்கார்ந்தபோது முழுப் பெயரைச் சொன்னாராம். வீட்டுக்காரருக்கு அந்த நிமிடமே மகளும் மாப்பிள்ளையும் அந்த வீட்டுக்குக் குடிவரப்போவது ஞாபகம் வந்துவிட்டதாம். ஆறு நாளாகியும் 'டு-லெட்' பலகையைக் கழற்றவில்லை, அட்மிஷன் வேலையாகப் பள்ளிக்கூடம் போய்வரும்போதெல்லாம் பார்க்கிறோம் என்றார். டாப்சியாவிலிருந்தே இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கு அனுப்பப் போகிறாராம். சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை எடுத்து மேஜைமேல் வைத்தார். இரட்டைப் பின்னல், சிவப்பு ரிப்பன், சிரிக்காத முகம். "இப்பப் போட்டுக்குங்கக்கா. மறைச்சும் வீடு கிடைக்கல, இனி எம் பேரையும் சேர்த்து முழுசாவே போட்டுக்குங்க."

பிப்ரவரி இதழில் ராஜா முகமது மகள் நஸ்ரின் தன் கட்டத்தில் இருக்கிறாள். அவளுக்குக் கீழே சந்தேஷ் பெட்டிப் புதிரின் விடையை மறுபடியும், இந்த முறை தலைகீழாக இல்லாமல் நேராகவே அச்சிட்டிருக்கிறேன், ஏனென்றால் குழந்தைகள் பத்திரிகையைத் திருப்பிப் படித்துக்கொள்வார்கள், பெரியவர்களுக்குத்தான் கழுத்து வளையாது.